நெஞ்செரிச்சலுக்கு எந்தச் சோதனை, எப்போது?

நெஞ்செரிச்சலோடு மருத்துவரைக் காண வருவோரில் பலர், “எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்துவிட்டால் என்னவென்று தெரிந்துவிடும் அல்லவா?” என்று கேட்கின்றனர். பால் கக்கும் கைக்குழந்தையுடன் வரும் பெற்றோர், “ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா?” என்கின்றனர். மறுபுறம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டு, ஒரு முறைகூட மருத்துவரிடம் காட்டாமல் காலம் கடத்துவோரும் உண்டு. தேவையற்ற சோதனை உடலுக்கும் பணத்துக்கும் சுமை. தேவையான சோதனையைத் தள்ளிப்போடுவதோ நோயை மறைத்து வளர்த்துவிடும்.

அமில எதுக்களிப்பைக் கண்டறியப் பல சோதனைகள் உள்ளன. அவற்றுள் எந்த ஒன்றும் எல்லாவற்றையும் காட்டிவிடாது; ஒவ்வொரு சோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கே விடை தரும். உணவுக்குழாயில் புண் உள்ளதா என்பது ஒரு கேள்வி. அமிலம் எவ்வளவு நேரம் மேலேறி நிற்கிறது என்பது மற்றொரு கேள்வி. இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் அந்த அமிலம்தான் காரணமா என்பது வேறொரு கேள்வி. நமக்கு வேண்டியது எந்தக் கேள்விக்கான விடை என்பது தெளிந்தால், எந்தச் சோதனை வேண்டும், அல்லது சோதனையே வேண்டுமா என்பதும் தெளிந்துவிடும்.

எதுக்களிப்பு எவ்வாறு நிகழ்கிறது?

நாம் உண்ணும் உணவு, உணவுக்குழாய் வழியாக இரைப்பையை அடைகிறது. இவ்விரண்டும் சேருமிடத்தில் வளையம் போன்ற ஒரு சுருக்குத்தசை உள்ளது. உணவு இறங்கும்போது அது திறக்கும், பின்னர் மூடிக்கொள்ளும். அத்தசை வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ வலுவிழந்தாலோ இரைப்பையிலுள்ள அமிலமும் உணவும் மேல்நோக்கி வருகின்றன. இதுவே எதுக்களிப்பு. இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கவல்லது. உணவுக்குழாயின் சுவருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அதனால் எரிச்சலும், நாளடைவில் சிலருக்குப் புண்ணும் உண்டாகின்றன.

உடல்நலமுள்ள எவருக்கும், குறிப்பாக வயிறார உண்டபின், சிறிதளவு எதுக்களிப்பு நிகழ்வது இயல்பே. அது தொந்தரவு தரும் அளவுக்கு மிகும்போதோ, உடலுக்குத் தீங்கு செய்யும்போதோதான் அதனை நோய் என்கிறோம். ஆகவே, எதுக்களிப்பு நிகழ்கிறதா என்று அறிவது மட்டும் போதாது. அது இயல்பின் எல்லையைக் கடந்துள்ளதா என்று அறிவதே சோதனைகளின் நோக்கம்.

முதலில் இதயத்தை நினைவில் கொள்க

சோதனைகளைப் பற்றிப் பேசுமுன் ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலி வந்ததும், “வாயுப்பிடிப்பாக இருக்கும்” என்று ஓமநீரோ சோடாவோ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம்மிடையே பெருவழக்கு. மாரடைப்பின் வலியும் நெஞ்செரிச்சலும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். வலியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

நெஞ்சின் நடுவில் அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுவாங்குதல், நடந்தால் மிகுந்து நின்றால் தணியும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். அங்கே முதலில் எடுக்கப்படுவது ஈ.சி.ஜி.தான், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படும். இதயத்தில் குறையில்லை என்று உறுதியான பின்னரே உணவுக்குழாயைப் பற்றி எண்ண வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் முதியோரும் மாரடைப்பின்போது கடும் வலியை உணராமலும் இருக்கலாம் என்பதால் அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

பெரியவர்களுக்கு: கருவியில்லாத முதற் சோதனை

உண்டபின் நெஞ்சில் ஏறும் எரிச்சல், படுத்தால் தொண்டை வரை வரும் புளிப்பு நீர் ஆகிய இரண்டும் எதுக்களிப்பின் முதன்மை அறிகுறிகள். இவை தெளிவாக இருந்து, ஆபத்து அறிகுறிகள் எவையும் இல்லையெனில், பெரும்பாலும் உடனடியாக எந்தக் கருவிச் சோதனையும் தேவைப்படுவதில்லை. மருத்துவர் உங்கள் சொற்களைக் கேட்டு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் ஒரு வேளை, 8 வாரம் வரை தருவார். ஒமிபிரசோல், பான்டோபிரசோல் போன்றவை இவ்வகையின. அறிகுறிகள் நன்கு தணிந்தால், எதுக்களிப்பு இருந்திருக்க வாய்ப்பு மிகுதி என்று கொள்ளப்படும். மருத்துவமே இங்குச் சோதனையாகவும் அமைகிறது.

இச்சோதனை சரியாக அமைய இரண்டு செய்திகள் முக்கியம். மாத்திரையை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னர் உட்கொள்ள வேண்டும். உண்டபின் விழுங்கினால் அதன் முழுப்பயன் கிடைக்காது. மாத்திரை பலிக்கவில்லை என்ற தவறான முடிவுக்கும் அது இட்டுச்செல்லும். அடுத்து, குறித்த காலம் முடிந்ததும் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். இம்மாத்திரைகள் இரைப்பைப் புண்ணின் வலியையும் தணிக்கும். ஆகவே வலி நின்றதாலேயே நோய் உறுதியாகிவிட்டதாகக் கொண்டு, அவற்றைத் தாமாகவே ஆண்டுக்கணக்கில் தொடர்வது முறையன்று.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருத்தல் கூடாது; எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

• உணவு விழுங்கும்போது தடைபடுதல் அல்லது வலித்தல்
• முயலாமலே உடல் எடை குறைதல்
• இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கறுத்த மலம்
• காரணம் தெரியாத இரத்தசோகை
• விடாத வாந்தி
• வயது முதிர்ந்தபின் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு

எண்டோஸ்கோப்பி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

எண்டோஸ்கோப்பி என்பது முனையில் விளக்கும் ஒளிப்படக் கருவியும் பொருத்திய, வளையக்கூடிய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றை நேரில் பார்ப்பது. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்து தெளிக்கப்படும். தேவையானோருக்கு உறக்க மருந்தும் தரப்படும். பார்ப்பதற்கு மட்டும் செய்யப்படும் சோதனை பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குழாய் மூச்சுப்பாதையில் செல்வதில்லை. ஆகவே மூச்சு அடைத்துவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

உணவுக்குழாயில் புண் இருந்தால் அதன் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என நான்கு படிகளாக வகைப்படுத்துவர். லாஸ் ஏஞ்சலிஸ் வகைப்பாடு என்பது இதன் பெயர். 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு சிராய்ப்பு ஏ படி. உணவுக்குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கையோ அதற்கும் மேலோ பற்றிய புண் டி படி. உங்கள் அறிக்கையில் ஏ படி என்றிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நலமுள்ளோர் சிலரிடமும் அது காணப்படுவதால், அதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்வதில்லை.

அகப்பட்ட இடத்திலிருந்து சிறு திசுத்துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பப்படலாம். திசு ஆய்வு என்றதும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். ஒவ்வாமையால் உணவுக்குழாய் அழற்சியுறும் நோயைக் கண்டறியவும், அமிலத்தால் உட்சுவர் மாற்றமடைந்துள்ளதா என்று அறியவும் அது தேவை. இம்மாற்றம் பாரெட் உணவுக்குழாய் எனப்படும். அது இருப்போருள் ஒரு சிறு பகுதியினருக்குப் பிற்காலத்தில் புற்று தோன்றலாம் என்பதால், குறித்த இடைவெளியில் கண்காணிப்பு வேண்டும். பல ஆண்டுகளாக எதுக்களிப்பு உள்ளவர்களில், 50 வயதைக் கடந்த ஆண்கள், புகைபிடிப்போர், உடற்பருமன் மிக்கோர் ஆகியோர் இதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

எண்டோஸ்கோப்பி காட்டாதது ஒன்று உண்டு; அது எதுக்களிப்பு நிகழ்வதைக் காட்டுவதில்லை. அதன் விளைவாகிய புண்ணை மட்டுமே காட்டும். எதுக்களிப்பு உடையோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் உணவுக்குழாய் எண்டோஸ்கோப்பியில் இயல்பாகவே தோன்றும். “எல்லாம் நார்மல்” என்ற அறிக்கையுடன் எரிச்சலும் தொடரும்போது, “பொய்யாகச் சொல்கிறீர்களா?” என்று வீட்டாரே நோயாளியைக் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமன்று. அச்சோதனை விடை தராத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

24 மணி நேர அமிலப் பதிவு

எஞ்சிய கேள்விக்கு விடை தருவது, ஒரு முழுநாள் அமிலத்தின் ஏற்றத்தை அளக்கும் சோதனை. 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜான்சனும் டிமீஸ்டரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. நூடுல்ஸ் இழையைவிடச் சற்றே தடித்த மெல்லிய குழாய் ஒன்று மூக்கின் வழியாகச் செலுத்தப்பட்டு, சுருக்குத்தசைக்கு 5 சென்டிமீட்டர் மேலே அதன் உணர்முனை நிறுத்தப்படும். மறுமுனை இடுப்பில் கட்டிய சிறு பதிவுப்பெட்டியுடன் இணைக்கப்படும். பின்னர் நீங்கள் வீட்டுக்குச் சென்று, வழக்கம்போல் உண்டு, நடந்து, உறங்கி, மறுநாள் திரும்பி வருவீர்கள்.

உணவுக்குழாயின் பி.எச். அளவு 4க்குக் கீழே இறங்கியிருக்கும் நேரம் முழுவதும் கூட்டப்படும். அது மொத்த நேரத்தில் 4 விழுக்காட்டுக்குக் கீழ், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி நேரத்துக்குள் இருந்தால் இயல்பு. 6 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தைக் கடந்தால் நோய் உறுதி. இடைப்பட்டால் பிற சான்றுகளையும் சேர்த்தே முடிவு செய்வர். லியோன் உடன்பாடு எனப்படும் பன்னாட்டு வல்லுநர் அறிக்கை 2018இல் பெரியவர்களுக்கென வகுத்த எல்லைகள் இவை.

இக்குழாயிலேயே மின்தடையை அளக்கும் வளையங்களைப் பொருத்தினால், அமிலமல்லாத எதுக்களிப்பும், காற்று மேலேறுவதும்கூடப் பதிவாகும். மாத்திரை உட்கொண்டும் புளிப்பு நீர் மேலேறுவது நிற்காதோருக்கும், தீராத இருமல் உள்ளோருக்கும் இது பயன்படும். மூக்கில் குழாயைத் தாங்க இயலாதோருக்கு, எண்டோஸ்கோப்பியின்போது உணவுக்குழாய்ச் சுவரில் சிறு காப்ஸ்யூல் ஒன்றைப் பொருத்தும் முறையும் சில மருத்துவமனைகளில் உண்டு. கம்பியில்லாமல் 48 முதல் 96 மணி நேரம் வரை அளவுகளை அனுப்பிவிட்டு, சில நாள்களில் அது தானே கழன்று மலத்துடன் வெளியேறிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியுள்ளோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காப்ஸ்யூல் பொருத்தியபின் 30 நாள்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தல் கூடாது.

சோதனை நாளில் உங்கள் கையில் தரப்படும் குறிப்பேடும் பெட்டியளவுக்கு முக்கியமானது. உண்ட நேரம், படுத்த நேரம், எரிச்சலோ இருமலோ வந்த நேரம் ஆகியவற்றை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். அமிலம் ஏறியதும் அறிகுறி தோன்றியதும் அடுத்தடுத்து நிகழ்ந்தனவா என்று ஒப்பிட்டே காரணம் உறுதிசெய்யப்படுகிறது. குழாய் இருக்கிறதே என்று அன்று மட்டும் கஞ்சி குடித்துப் படுத்திருந்தால், சோதனை உங்கள் உண்மையான நாளைக் காட்டாது. வழக்கமாக உண்ணும் குழம்பையும் காப்பியையும் அன்றும் உட்கொள்ளுங்கள்.

அழுத்த அளவீடும் பேரியம் படமும்

மேனோமெட்ரி எனப்படும் அழுத்த அளவீடு, உணவுக்குழாய்த் தசை எவ்வாறு சுருங்கி விரிகிறது என்பதை அளக்கிறது. இது எதுக்களிப்பைக் கண்டறியும் சோதனையன்று. அமிலப் பதிவுக் குழாயைச் சரியான இடத்தில் நிறுத்தவும், எதுக்களிப்புக்கான அறுவை சிகிச்சைக்கு முன்னரும் இது தேவை. சுருக்குத்தசை திறக்க மறுக்கும் அகலேசியா என்னும் நோயிலும் உண்ட உணவு மேலே வரும். அதனை எதுக்களிப்பு என்று கருதி அறுவை செய்தால் விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். அத்தவற்றைத் தடுப்பது இச்சோதனையே.

பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பது, உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும். உணவுக்குழாய் குறுகியுள்ளதா, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் ஏறியுள்ளதா என்று அறிய அது உதவும். எதுக்களிப்பு நோயை உறுதிசெய்யவோ இல்லையென்று மறுக்கவோ அது போதாது.

கைக்குழந்தைகள்: கக்குகிற பிள்ளை தக்கும்

இப்படி நம் பாட்டிமார் சொல்வதில் பேருண்மை உள்ளது. 4 மாத வயதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் நாளுக்கு ஒரு முறையேனும் பால் கக்குகின்றன. அவர்களின் சுருக்குத்தசை இன்னும் முதிரவில்லை, உணவு நீர்மம், நாளின் பெரும்பொழுது படுக்கை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை எட்டுவதற்குள் இது தானாகவே நின்றுவிடும். கக்கினாலும் சிரித்து விளையாடி, எடையும் ஏறிவரும் குழந்தைக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் வேண்டாம். அக்குழந்தைக்கான சிறந்த சோதனைக்கருவி எடை பார்க்கும் தராசே. தடுப்பூசி அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் பாட்டியின் சொல் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. பின்வருவன இருந்தால் காத்திராமல் குழந்தையைக் கொண்டுவர வேண்டும்.

• பச்சை நிற வாந்தி: குடல் அடைப்பின் அறிகுறியாகலாம், அன்றே, அப்பொழுதே வர வேண்டும்
• பிறந்து சில வாரங்களில், பாலூட்டிய ஒவ்வொரு முறையும் பீய்ச்சியடிக்கும் வாந்தி
• வாந்தியிலோ மலத்திலோ இரத்தம்
• எடை ஏறாமை, பால் குடிக்க மறுத்தல்
• மூச்சு நின்று நின்று வருதல், உடல் நீலமாதல்
• காய்ச்சல், சோர்வு, உச்சிக்குழி புடைத்தல், வயிறு உப்புதல்
• 6 மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கிய வாந்தி, அல்லது ஒரு வயதைக் கடந்தும் நிற்காத வாந்தி

இவற்றில் செய்யப்படும் சோதனைகள் எதுக்களிப்பைத் தேடுவன அல்ல. அதனைப் போலத் தோன்றும் வேறு நோய்களைத் தேடுவன. பீய்ச்சியடிக்கும் வாந்திக்கு வயிற்று அல்ட்ராசவுண்டு எடுப்பது, இரைப்பையின் வெளிவாயில் தசை தடித்து அடைத்துள்ளதா என்று பார்க்க. பச்சை வாந்திக்குப் பேரியம் போன்ற நிறமியூட்டிய எக்ஸ்ரே எடுப்பது, குடல் முறுக்கேறியுள்ளதா என்று பார்க்க. மில்க் ஸ்கேன் எனப்படும், பாலில் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து எடுக்கும் படமும் சில இடங்களில் எடுக்கப்படுகிறது. வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் 2018இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளின் எதுக்களிப்பு நோயைக் கண்டறிய மில்க் ஸ்கேன், அல்ட்ராசவுண்டு, பேரியம் படம் ஆகியவற்றைப் பரிந்துரைக்கவில்லை. நலமுள்ள குழந்தையும் கக்குவதால், படத்தில் பால் மேலேறியதைக் கண்டு மட்டும் நோயென்று சொல்ல இயலாது என்பதே காரணம்.

பாலூட்டும் அளவைச் சீர்செய்தும் குறையாத கக்கலுடன் அழுகையும் எடைக்குறைவும் சேர்ந்தால், பசும்பால் புரத ஒவ்வாமையும் காரணமாகலாம். அதனை அறியும் வழி எளிது: தாய்ப்பால் அருந்தும் குழந்தையாயின், மருத்துவரின் மேற்பார்வையில் தாய் தம் உணவில் பாலையும் பால்பொருள்களையும் 2 முதல் 4 வாரம் தவிர்த்துப் பார்ப்பது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. மேலும், கக்குகிறதே என்று அஞ்சிக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தல் கூடாது. மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பு.

வளர்ந்த பிள்ளைகள்

நெஞ்செரிகிறது என்று தானே சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், பெரியவர்களைப் போலவே 4 முதல் 8 வாரம் மருந்து தந்து பார்க்கலாம். கைக்குழந்தைகளுக்கு இம்முறை பொருந்தாது. விழுங்குவதில் தடை, தொடரும் வாந்தி, இரத்தசோகை, எடைக்குறைவு ஆகியன இருந்தாலோ, மருந்தை நிறுத்தியதும் தொந்தரவு திரும்பினாலோ எண்டோஸ்கோப்பி தேவைப்படும். பிள்ளைகளுக்கு அது மயக்க மருந்து தந்தே பெரும்பாலும் செய்யப்படுகிறது. இருமல், மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கும் எதுக்களிப்புக்கும் தொடர்புண்டா என்று அறிய, மின்தடையுடன் கூடிய 24 மணி நேரப் பதிவு உதவும். அன்றைய குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு பெற்றோருடையது.

பேச இயலாத பிள்ளைகள், மூளை-நரம்புக் குறைபாடு உடைய பிள்ளைகள் ஆகியோருக்கு எதுக்களிப்பு மிகுதி. ஆனால் அவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். உண்ணும்போது முதுகை வில்லாய் வளைத்தல், காரணமின்றி அழுதல், உணவைக் கண்டு முகம் திருப்புதல் ஆகியவற்றைப் பராமரிப்போர் கவனித்துச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு வருமுன்

எண்டோஸ்கோப்பிக்குப் பொதுவாக 6 மணி நேரம் திட உணவும் பாலும் கூடா. தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பு நிறுத்திவிட வேண்டும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இடைவெளி 4 மணி நேரம். உறக்க மருந்து பெற்றோர் அன்று வண்டி ஓட்டுதல் கூடாது. உடன் ஒருவர் வருவது கட்டாயம்.

மருந்தை நிறுத்திச் செய்யும் அமிலப் பதிவுக்கு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை 7 நாள் முன்பே நிறுத்துமாறு சொல்லப்படலாம். மருந்து உட்கொண்டபடியே செய்யும் பதிவும் உண்டு. எது உங்களுக்கு உரியது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். இரத்தம் உறையாமைக்கான மருந்து, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், வலிநிவாரணிகள் என நீங்கள் உட்கொள்ளும் யாவற்றையும், நாட்டு மருந்துகள் உட்பட, எழுதிக்கொண்டு வாருங்கள்.

சோதனைக்கு ஒப்புதல் தருமுன் மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேட்பது உங்கள் உரிமை. இச்சோதனை எந்தக் கேள்விக்கு விடை தரும்? விடை எதுவாயினும் எனக்கான மருத்துவம் மாறுமா? இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?

விடை “இல்லை” என்றால்

எல்லாச் சோதனைகளும் முடிந்து, எதுக்களிப்பு நோய் இல்லையென்று தெரிவதும் ஒரு கண்டுபிடிப்பே. இயல்பான அளவு அமிலத்துக்கே உணவுக்குழாயின் நரம்புகள் மிகையாக எரிச்சலை உணர்த்தும் நிலையும் உண்டு. அதுவும் உண்மையான துன்பமே. அதற்கு மருத்துவமும் உண்டு. ஆனால் அதற்குரிய மருந்து வேறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மேன்மேலும் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை என்பதையும், அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதையும் அந்த “இல்லை”தான் சொல்கிறது. ஆகவே அறிக்கைகளை, இயல்பானவை உட்பட, ஒரே கோப்பில் பாதுகாத்து, அடுத்த முறை வரும்போது தவறாமல் கொண்டுவாருங்கள்.